ஞாபகத்துக்கு ஒரு பேட்டரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கண்தான் காரணம். வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, கனம் தூக்காதே, தலையில் தண்ணீர் படவிடாதே என்று பெரிய பட்டியல். குனியாமல் பிரிட்ஜ் மெக்கானிக் என்ன வேலைதான் செய்வது? ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய சர்வீஸ் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. இப்போது பார்வை தெளிவு. நிறங்கள்கூடப் புதிதாகத் தெரிகின்றன. இத்தனை நாள் பழுப்பு என்று நினைத்திருந்த என் சட்டை உண்மையில் வெள்ளையாம்!

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நான் கேட்டதாகச் சொல். என் மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். கணக்குத் தணிக்கை. "அப்பா, நீங்கள் மெஷின்களை நம்பாத மாதிரி நான் மனிதர்களை நம்பக் கூடாதாம், அதுதான் வேலை" என்கிறாள். என் பெண்தான், சந்தேகமில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஆளில்லாமல் விற்கும் பன்னிரண்டு குளிர்பெட்டிகள் உன் பொறுப்பில் வந்திருக்கின்றன. கதவில், குளிர் போனால் விற்பனையை நிறுத்தும் உணவுப் பாதுகாப்புப் பூட்டு, உள்ளே ஒரு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. மீட்டர் வைத்துப் பார்த்தாய், பன்னிரண்டும் 12.7 காட்டின. "சோதித்தாயிற்று என்று கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்கிறாய்.

போடாதே.

உன் மீட்டர் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 12.7, பேட்டரி சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு. சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு பார்த்திருந்தால் அதற்கும் மதிப்பில்லை, தகட்டின் மேலோட்டத்தில் நிற்கும் சார்ஜ் அது. சார்ஜர் இணைந்திருக்கும்போதே பார்த்தால் 13.6 பக்கம் காட்டும், அது சார்ஜரின் வோல்ட். உள்ளே தகடுகள் பாதி செத்துப்போன பேட்டரிகூட வெளியே 12.7 காட்டிக்கொண்டு நிற்கும். வேலை கொடுத்தால்தான் அதன் லட்சணம் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த பேட்டரி எதற்காக வைக்கப்பட்டது என்பதையே நம் ஆட்களில் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கரன்ட் போனால் பெட்டியைக் குளிராக வைத்திருக்க என்று நினைக்கிறார்கள். உள்ளங்கை அளவு பேட்டரி கம்ப்ரஸரை எங்கே ஓட்டப்போகிறது? கரன்ட் இல்லாத நேரத்தில் நடந்ததை அந்தப் பெட்டி மறக்காமல் இருப்பதற்காகத்தான் அது இருக்கிறது.

யோசித்துப் பார். இரவு கரன்ட் போகிறது, நாலு மணி நேரம் கழித்து வருகிறது. கம்ப்ரஸர் ஓடி, விடிவதற்குள் எல்லாம் பழையபடி 3 டிகிரி. காலையில் வருபவர் தெர்மாமீட்டரைப் பார்க்கிறார், கச்சிதமாக இருக்கிறது. பால் குளிராக இருக்கிறது, வெட்டிய பழம் குளிராக இருக்கிறது. நடுவில் அது எத்தனை டிகிரிக்கு ஏறியது, எத்தனை நேரம் அங்கே நின்றது என்று அந்தத் தெர்மாமீட்டரைக் கேட்டால் அது என்ன சொல்லும்? சூடு ஏதுவாக அமைந்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். திரும்பக் குளிரவைத்தால் பெருக்கம் குறையுமே தவிர, பெருகியவை போய்விடாது. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை விட்டுவைக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. மூக்குக்கும் நாக்குக்கும் தெரியவும் செய்யாது.

அதற்காகத்தான் பூட்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிடும் மாதிரி உணவு விதிகளில், தானியங்கி விற்பனைப் பெட்டிகளுக்கு இது தெளிவாகவே இருக்கிறது. கரன்ட் போனாலோ இயந்திரம் பழுதானாலோ உள்ளே உணவுக்குத் தேவையான குளிர் நிற்காமல் போனால், பெட்டி தானாக விற்பனையை நிறுத்த வேண்டும். யாராவது வந்து சரிபார்த்து, சரியான குளிரில் வைத்திருந்த உணவை நிரப்பும்வரை திறக்கக் கூடாது. எல்லை 5 டிகிரி செல்சியஸ். சரக்கு நிரப்பும்போது கதவு திறந்து கிடக்குமே, அதற்காக நிரப்பிய பிறகு மட்டும் 30 நிமிடம் சலுகை.

இந்த 30 நிமிடச் சலுகைதான் என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது.

பெயர் சொல்லவில்லை, ஓர் அலுவலகத்தில் இருந்த பெட்டி. பூட்டு விழுவதே இல்லை என்று ஒரு ஊழியர்தான் கவனித்துச் சொன்னார். அங்கே கரன்ட் ஒரேயடியாகப் போகாது, போய்ப்போய் வரும். இருபது நிமிடம் போகும், இரண்டு நிமிடம் வரும், மறுபடி இருபத்தைந்து நிமிடம் போகும். நான் போய்ப் பார்த்தேன். பேட்டரி 12.6. பூட்டை பட்டன் அழுத்திச் சோதித்தேன், "டக்" என்று விழுந்தது. எல்லாம் சரி என்று எழுதிவிட்டு வந்தேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, ஏதோ உறுத்தியது. திரும்பப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெப்பத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுப் பூட்டை இயக்கும் கன்ட்ரோலர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஏழாவது நிமிடம் திரை மங்கியது. பத்தாவது நிமிடம் இருட்டு. பேட்டரி அவ்வளவுதான். பிளக்கைச் செருகினேன். கன்ட்ரோலர் கண் விழித்தது, புதிதாகப் பிறந்த குழந்தை மாதிரி. இப்போதுதான் சரக்கு நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சலுகை நேரத்தை 30 நிமிடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தது!

புரிகிறதா? கரன்ட் போய்வரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டிக்கு வாழ்க்கை முதலிலிருந்து தொடங்கியது. சூடு ஏறிக்கொண்டே போனது, கணக்கு மட்டும் பூஜ்யத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை, அது அதிர்ஷ்டம். நான் கையெழுத்துப் போட்ட தாள் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் அதைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வேறு வழி தெரிந்தால் எழுது, திருத்திக்கொள்கிறேன்.

முதலில் பெட்டியைக் காலி செய். விற்பனைக்குரிய உணவை உள்ளே வைத்துக்கொண்டு இந்தச் சோதனையை ஆரம்பிக்கவே கூடாது. நிரப்ப வரும் நாளைக் கேட்டு, அதற்கு முன் போய்விடு. உன் தெர்மாமீட்டரை நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முக்கிப் பார். பூஜ்யம் காட்டவில்லை என்றால் அதை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் குறை சொல்லாதே. உள்ளே ஒரு தம்ளர் தண்ணீரில் இன்னொரு தெர்மாமீட்டர் போட்டு வை. கதவைத் திறந்தால் காற்று உடனே சூடாகும், உணவு அப்படி ஆகாது. இரண்டும் எவ்வளவு விலகி ஓடுகின்றன என்று பார்ப்பதே ஒரு படிப்பு.

அப்புறம் கரன்ட்டை நிறுத்து. கன்ட்ரோலரில் உள்ள சுவிட்சில் இல்லை, சுவரில். கன்ட்ரோலரை அணைத்தால் அது "முறைப்படி அணைக்கப்பட்டேன்" என்று குறித்துக்கொண்டு தூங்கிவிடும். கரன்ட் போவது அதனிடம் சொல்லிக்கொண்டா போகிறது?

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிரு. வெப்பம் ஏறாமல் அடம் பிடித்தால் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பையைச் சென்சார் பக்கம் வை. 5 டிகிரியைத் தாண்டி, அதற்குரிய நேரம் கழிந்ததும் பூட்டு விழ வேண்டும். விழுந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதே, பாதிப் பேர் இங்கேதான் கிளம்புகிறார்கள். கரன்ட்டைப் போடு. பெட்டி மறுபடி 3 டிகிரிக்கு வரும்வரை காத்திரு. காத்திருப்பது எரிச்சல்தான், ஒரு புத்தகம் எடுத்துப் போ. குளிர் திரும்பிய பிறகும் பூட்டு பூட்டியபடியே இருக்க வேண்டும். "குளிர்ந்துவிட்டேன், திறந்துகொள்கிறேன்" என்று அதுவாகத் திறந்தால் அந்தப் பூட்டு இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். கடைசியாக, நான் மாட்டிக்கொண்ட கதைக்காக, கரன்ட்டை விட்டுவிட்டு நாலைந்து முறை நிறுத்திப் போட்டுப் பார். கணக்கு தொடர்கிறதா, முதலிலிருந்து தொடங்குகிறதா?

பேட்டரியைத் தனியே சோதிக்க பெரிய கருவி வேண்டாம். வண்டியின் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு போதும், அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். உன் பெட்டியில் இருப்பதன் கொள்ளளவு 7 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருந்தாய். அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக, அதாவது 0.35 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. வேகமாக இழுத்தால் அவ்வளவு கிடைக்காது. முழுச் சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி அந்த பல்பைச் சுமார் மூன்று மணி நேரம் எரிக்கும். 10.5 வோல்டுக்கு இறங்கியதும் பல்பைக் கழற்றி உடனே சார்ஜில் போடு. காலியாகக் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து, நல்ல பேட்டரியையும் நீயே கொன்றதாகிவிடும். ஐந்து நிமிடத்தில் 11க்குக் கீழே விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்று. எல்லா பேட்டரிக்கும் மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்றால் கால் மணி நேரம் எரித்து வோல்ட் இறங்கும் விதத்தை எழுதி வை, அடுத்த முறை ஒப்பிடலாம். புதிதாக இருந்தபோது தந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது என்பதுதான் வழக்கம். அந்த நிலையிலும் அது உனக்கு 12.7 காட்டும்!

மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தொடு. நம் வாத்தியார் வகுப்புக்கு வகுப்பு சொல்லி, நாம் கிண்டல் செய்வோமே, அதே பாடம்தான். கை வேலையை விட்டபிறகுதான் அவர் சொன்னது ஒவ்வொன்றாகக் காதில் விழுகிறது.

பேட்டரி எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பார். பல பெட்டிகளில் கம்ப்ரஸர் பக்கத்திலேயே இடம் கொடுத்திருப்பார்கள், ஒயர் மிச்சமாகிறதாம். இந்த வகை பேட்டரிக்கு 25 டிகிரிதான் சுகம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஐந்து வருடம் வரும் என்று அட்டையில் போட்டிருக்கும், கம்ப்ரஸரின் அனலில் 40 டிகிரியில் கிடந்தால் இரண்டு வருடமே பெரிய விஷயம். அட்டையை நம்பாமல், மாட்டிய தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுது.

இன்னொரு குட்டிச் சாமான், கன்ட்ரோலர் பலகையில் காசு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் 3 வோல்ட் செல். பெரும்பாலும் சிஆர்2032 தான். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், பெயரிலேயே அளவு இருக்கிறது. கடிகாரம் ஓடுவது அதில்தான். கடைசி நாள்வரை 3 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு ஒரேயடியாகச் சரியும் ஆசாமி. அது போனால் பதிவேட்டில் தேதியெல்லாம் கன்னாபின்னாவென்று வரும். வருடத்தை மட்டும் பார், தெரிந்துவிடும்.

பூட்டைப் பற்றி ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன் பெட்டிகளில் காந்தப் பூட்டா, நாக்கு நீளும் சோலினாய்டு பூட்டா? காந்தப் பூட்டு என்றால் பிடித்துக்கொண்டிருக்கவே கரன்ட் வேண்டும். பேட்டரி செத்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், அதாவது பூட்டு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். சோலினாய்டில் இரண்டு ரகமும் உண்டு. ஒன்று கரன்ட் இல்லையென்றால் பூட்டியே நிற்கும், இன்னொன்று திறந்துவிடும். அட்டையில் என்ன போட்டிருந்தாலும் சரி, பேட்டரியையும் கழற்றி, கரன்ட்டையும் நிறுத்தி, கதவை இழுத்துப் பார். கை சொல்லும். ஆள் உள்ளே நுழையும் குளிர் அறை ஏதாவது உன் பொறுப்பில் இருந்தால் கணக்கே வேறு. அங்கே உள்ளிருந்து தள்ளினால் எப்போதும் திறக்க வேண்டும், எந்தப் பூட்டும் அதைத் தடுக்கக் கூடாது.

பன்னிரண்டு பெட்டிக்கும் இப்படிச் செய்தால் ஒரு வாரம் ஓடிவிடும், மேலாளர் முகம் சுளிப்பார் என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. எனக்கும் சுளித்தார்கள். பழையதாக இருக்கும் மூன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள். ஒன்று தோற்றாலும் மேலாளரைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே பிளக்கைப் பிடுங்கு. நான் வாயால் விளக்கி யாரும் கேட்டதில்லை. திரை இருட்டாவதைப் பார்த்தவர்கள் உடனே பேட்டரி வாங்கித் தந்திருக்கிறார்கள்.

கண் முழுதாகச் சரியானதும் வந்து உன்னோடு ஒருநாள் உட்காரலாம் என்றிருக்கிறேன். குனியும் வேலை உனக்கு, ஸ்டூலும் கடிகாரமும் எனக்கு. அதற்குள் அந்த மூன்று பெட்டியில் பல்பு எத்தனை நிமிடம் எரிந்தது என்று எழுது. முடிந்தால் பெரிய எழுத்தில்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்