ஸ்டிக்கர் விஷயமா ஒரு லெட்டர்

பெரம்பூர்,
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

ஷீலா,

உன் வாய்ஸ் மெசேஜக் கேட்டேன் டி. பாதி ட்ராஃபிக் சத்தம், பாதி உன் அழுகை, ஆனா விஷயம் புரிஞ்சுது. ஃபோன் பண்ணலாம்னுதான் எடுத்தேன், அப்புறம் யோசிச்சேன், பண்ணா நீ அழுவ, நான் லெக்சர் எடுப்பேன், உங்க வீட்டுக்காரர் பின்னாடிலருந்து "பசங்க விளையாட்டுக்கெல்லாம் ஏம்மா இவ்ளோ"ம்பாரு, ஒண்ணும் உருப்படியா பேச முடியாது. அதான் சாப்பிட்டு உக்காந்து டைப் பண்றேன், நிதானமா படி.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மாமியாருக்கு மூட்டு வலி, ஏதோ தைலம் ஆரம்பிச்சிருக்காங்க, வீடு பூரா எண்ணெய் வாசனை. அவருக்கு ஐசிஎஃப்ல ஷிஃப்ட் மாத்திட்டாங்க. மெட்ரோவுக்குத் தோண்டித் தோண்டி நம்ம பழைய ரோடெல்லாம் அடையாளமே தெரியல, ஸ்கூலுக்குச் சுத்திக்கிட்டுதான் போறேன். ஒரே ஊர்ல இருக்கோம்னுதான் பேரு, நீ ஊரப்பாக்கம் நான் பெரம்பூர், திருச்சில இருக்கற என் தங்கச்சிய இதுக்கு அதிகமா பாக்கறேன்.

சரி கார்த்தி விஷயத்துக்கு வரேன். நீ சொன்னத நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். வேன்ல ஒரு பொண்ணு வாயத் தொறந்துக்கிட்டு தூங்குது, இவன் ஃபோட்டோ எடுக்கறான், ஸ்டிக்கராக்கி க்ளாஸ் பசங்க வாட்ஸப் க்ரூப்ல போடறான், அங்கருந்து பக்கத்து செக்‌ஷன், ட்யூஷன் க்ரூப், ஸ்கூல் பேர்ல எவனோ நடத்தற கன்ஃபெஷன் பேஜ், அதான் பேரச் சொல்லாம கண்டதையும் போடற பேஜ், அது வரைக்கும் போயிடுச்சு, கீழ கண்ட கண்ட கமென்ட், இப்போ அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு வரதில்ல, ஸ்கூல்ல உன்னக் கூப்பிட்டு டிசி குடுத்துடுவோம்னு மிரட்டறாங்க. ரைட்டா?

முதல்ல உன் பயத்தக் கொஞ்சம் எறக்கிடறேன். கார்த்தி எட்டாவதுதான படிக்கறான்? கல்வி உரிமைச் சட்டம் 2009 இருக்கே, அதுல எட்டாவது முடிக்கற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் ஸ்கூல விட்டு வெளிய அனுப்பக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. மைனாரிட்டி ஸ்கூலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, உங்களுது அப்படி இல்லன்னுதான் நினைக்கறேன், விசாரிச்சுக்கோ. அப்புறம் உங்க வீட்டுக்காரரோட வக்கீல் ஃப்ரெண்டு ஐடி சட்டம் 66ஏ-ல கேஸ் ஆகும்னாராமே, அவர வேற வேலை பாக்கச் சொல்லு, அந்தப் பிரிவையே 2015ல சுப்ரீம் கோர்ட் தூக்கிடுச்சு. போலீஸ் வரைக்கும் போனாலும் 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க விஷயம் ஜுவனைல் ஜஸ்டிஸ் போர்டுக்குத்தான் போகும், லாக்கப் அது இதுன்னு கற்பனை பண்ணி ராத்திரி தூங்காம இருக்காத.

ஆனா டி, பயம் போயிடுச்சுல்ல, இப்போ கோச்சுக்காம இதையும் கேளு. "வெறும் ஸ்டிக்கர்தான, டெலிட் பண்ணிட்டான்"னு வாய்ஸ்ல சொன்னியே, அது சரியில்ல. அவன் அனுப்பின மெசேஜத்தான் அவன் டெலிட் ஃபார் எவ்ரிஒன் குடுக்க முடியும். ஸ்டிக்கர் அப்படி இல்ல, பாத்தவன் ஃபேவரிட்ஸ்ல போட்டுக்கிட்டா அது அவன் ஃபோன்ல உக்காந்துடும், அனுப்பறப்போ மேல ஃபார்வர்டுன்னு ஒண்ணும் காட்டாது, நாளைக்கு வேற க்ரூப்ல வேற எதுக்கோ "ஓகே"ங்கறதுக்குப் பதிலா அந்தப் பொண்ணு மூஞ்சியப் போடுவான். பத்தாவது போனாலும் போடுவான். அந்தப் பொண்ணுக்கு எந்த க்ரூப்ல எப்போ தன் மூஞ்சி வரும்னே தெரியாது, அத நினைச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும்.

எங்க ஸ்கூல்ல போன வருஷம் இதே கதைதான். ஆண்டு விழா ஃபோட்டோல ஒரு பொண்ணு கண்ணு பாதி மூடின மாதிரி விழுந்திருக்கு, அத ஸ்டிக்கராக்கிட்டாங்க. நான் போர்டுல கணக்கப் போட்டுட்டுத் திரும்பறேன், ஒருத்தன் சும்மா கண்ண பாதி மூடிக்கிட்டு உக்காந்திருக்கான், பின்னாடி ரெண்டு பெஞ்ச் குனிஞ்சு குலுங்குது, அந்தப் பொண்ணு மட்டும் ஜாமெட்ரி பாக்ஸத் தொறந்து மூடி தொறந்து மூடி. அவ்ளோதான். யாரும் ஒரு வார்த்தை பேசல, கெட்ட வார்த்தை இல்ல, அடிதடி இல்ல, கண்ண மூடினான்னு எந்த டீச்சர் கம்ப்ளெய்ன்ட் எழுதுவா சொல்லு. நம்ம காலத்துல பட்டப்பேரு வெச்சா நாலு மணி பெல்லோட முடிஞ்சுது, வீட்டுக்குப் போனா அம்மா, தோசை, ரேடியோ. இப்போ பெல் அடிச்சப்புறம்தான் ஆரம்பிக்குது.

அப்போ எங்க பிரின்சிபால் என்ன பண்ணாங்க தெரியுமா, ஸ்டிக்கர் போட்டவனையும் அந்தப் பொண்ணையும் ஒரே ரூம்ல நிக்க வெச்சு "சாரி சொல்லு, கை குடு, ஃப்ரெண்ட்ஸா இருங்க"ன்னு முடிச்சுட்டாங்க. பத்து நிமிஷம்கூட ஆகல. சாயங்காலம் பசங்க அந்த க்ரூப்போட பேரயே "சாரி சொல்லிட்டோம்"னு மாத்திட்டானுங்க. பிரின்சிபால் மோசமானவங்க இல்ல, நல்ல மனசுதான், ஆனா இது ரெண்டு பேருக்கு நடுவுல நடந்த சண்டைன்னு நினைச்சாங்க பாரு, அங்கதான் கோளாறு. சண்டைன்னா ரெண்டு பக்கமும் ஏதாவது தப்பு இருக்கும், சமாதானம் பேசலாம். இங்க ஒரு பக்கம் ஒரே ஒரு பொண்ணு, இன்னொரு பக்கம் ஒரு க்ளாஸே இருக்கு. ஒருத்தன் செஞ்சான், மீதிப் பேர் சிரிச்சான், சேவ் பண்ணான், ஃபார்வர்டு பண்ணான், சிரிக்காதவனும் பாத்துட்டு கம்முனு இருந்தான். இந்தக் கூட்டத்த விட்டுட்டு ஒருத்தன மட்டும் புடிச்சு சஸ்பெண்ட் பண்ணா அவன் வீட்டுல உக்காந்து ஹீரோவாயிடுவான், "உன்னாலதான் அவன் போனான்"னு மறுபடியும் அந்தப் பொண்ணு தலையிலதான் விடியும்.

ஸ்டாஃப் ரூம் கதையக் கேக்கணுமா? அந்த ஸ்டிக்கர் "என்னன்னு காட்டுங்க"ன்னு ஆளாளுக்கு ஃபோன வாங்கிப் பாத்தாங்க, ஒரு மேடம் ஸ்டாஃப் க்ரூப்லயே போட்டுட்டாங்க, ஆதாரமாம்! ஒரு சார் சிரிச்சே சிரிச்சுட்டாரு. இது கண்ண மூடின ஃபோட்டோவாப் போச்சு. இதே கொஞ்சம் அசிங்கமான படமா இருந்து, அதுவும் பிள்ளைங்களோடதா இருந்தா, கையில வெச்சிருக்கறதும் அனுப்பறதும் ஐடி சட்டம் 67பி-ல பெரிய குத்தம், டீச்சர்னு பாக்காது. பிள்ளைங்க மேல நடக்கற பாலியல் குத்தங்களுக்கான பாக்ஸோ சட்டம் வேற இருக்கு, அப்படி ஒண்ணு ஸ்கூலுக்குத் தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லலன்னா சொல்லாதவங்க மேலயே கேஸ். அதனால ஆதாரம்னா ஒரே ஒருத்தர் பொறுப்புல, போட்டவனோட அக்கவுன்ட் பேரு, தேதி, நேரம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், அது அந்த ஃபைல்லயே இருக்கணும், க்ரூப்ல சுத்தக் கூடாது. ஆபாசமா இருந்தா ஸ்க்ரீன்ஷாட்டும் வேணாம், நேரா போலீஸ்.

அப்புறம் எங்க ஸ்கூல்ல ஒரு கவுன்சிலர் வந்தாங்க, வாரத்துல ஒரு நாள்தான் வருவாங்க, சின்ன வயசு, ஆரம்பத்துல எனக்கு நம்பிக்கையே இல்ல. அவங்க வந்ததும் அந்த ரெண்டு பேரையும் கூப்பிடவே இல்ல டி. க்ளாஸ்ல சும்மா பாத்துக்கிட்டிருந்த பசங்களத் தனித்தனியா கூப்பிட்டாங்க. "யார் பண்ணா"ன்னு கேக்கவே இல்ல, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா, நீ கவனிச்சியா?" அவ்ளோதான் கேள்வி. ஒவ்வொருத்தனும் முதல்ல தோள குலுக்கினான், அப்புறம் "பாவம் மிஸ், டிஃபன் தனியாதான் சாப்பிடறா"ன்னான். "சரி, உன்னால என்ன முடியும்?"னு கேட்டாங்க. ஒரு பொண்ணு லஞ்ச்ல பக்கத்துல உக்காரறேன்னா, ஒருத்தன் க்ரூப்ல "டேய் போதும்டா"ன்னு போடறேன்னான், பாதிப் பேர் ஸ்டிக்கர அவங்களா எடுத்துட்டாங்க. அடுத்த வாரம் வந்து செஞ்சியான்னு கேட்டாங்க, அதுதான் முக்கியம், நம்ம ஸ்கூல்ல யாரும் திரும்ப வந்து கேக்க மாட்டாங்க. ஃபின்லாந்துல டுர்க்கு யுனிவர்சிட்டிக்காரங்க உருவாக்கின கிவான்னு ஒரு முறை இருக்காம், அதுவும் வேடிக்கை பாக்கறவங்கள வெச்சுதான் வேலை செய்யுமாம், அங்கருந்துதான் தனக்கு இந்த யோசனைன்னாங்க. எனக்கு ஃபின்லாந்தெல்லாம் தெரியாது, எங்க க்ளாஸ்ல கண்ண மூடறது நின்னுச்சு, அது தெரியும். எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், அந்தப் பொண்ணு இன்னமும் ஃபோட்டோன்னா தள்ளிதான் நிப்பா.

உங்க ஸ்கூல்ல "இது வீட்டுல நடந்தது, எங்க டைம்ல நடக்கல"ன்னும் சொன்னாங்களாமே. அங்கதான் எனக்கு ஏறுது. ஒரு பக்கம் எங்க பொறுப்பு இல்லங்கறது, இன்னொரு பக்கம் டிசிங்கறது, ரெண்டும் எப்படி டி சேரும்? எடுத்தது ஸ்கூல் வேன்ல, க்ரூப் பேரு 8பி, அழுதது க்ளாஸ்ல. போதாததுக்கு 2020ல லாக்டவுன்ல மூணாவது படிக்கற பிள்ளைங்கள வாட்ஸப்புக்குள்ள கொண்டு வந்ததே ஸ்கூல்தான், ஹோம்வொர்க் எல்லாம் அதுலதான வந்துது. இப்போ வந்து ஃபோனே ஆகாதுன்னா எப்படி.

நாம ப்ளஸ் ஒன் படிக்கறப்போ 1996ல அண்ணாமலை யுனிவர்சிட்டி கேஸ், ராகிங்ல ஒரு பையனக் கொன்னாங்களே, அது வந்துதே ஞாபகம் இருக்கா, உங்க அப்பா பேப்பர மடிச்சு ஒளிச்சு வெச்சாரு. அதுக்கப்புறம்தான் 1997ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துது. அதுல எனக்குப் புடிச்சது தண்டனை இல்ல. புகார் வந்தும் காலேஜ் தலைமை கண்டுக்காம இருந்தா அவங்களும் உடந்தைன்னு எழுதி வெச்சாங்க பாரு, அதுதான். ஆன்லைன் விஷயத்துல ஸ்கூலுக்கும் அந்த மாதிரி ஒரு புடி வேணும்னு நான் நினைக்கறேன். இப்பவும் பேப்பர்ல எல்லாம் இருக்கு, சிபிஎஸ்இ 2015லயே ஒவ்வொரு ஸ்கூல்லயும் இதுக்குன்னு ஒரு கமிட்டி வைக்கச் சொல்லிடுச்சு, நம்ம கவர்மென்ட் 2021ல பாதுகாப்புக் குழு போடச் சொன்னாங்க, "மாணவர் மனசு"ன்னு பெட்டியும் வெச்சாங்க. பெட்டிய ஆஃபீஸ் ரூம் வாசல்லயே, ப்யூன் ஸ்டூல் பக்கத்துல வெச்சா எந்தப் பிள்ளை போய் சீட்டு போடும்? உங்க ஸ்கூல் சிபிஎஸ்இதான, மீட்டிங்ல அந்த கமிட்டில யார் யார் இருக்காங்கன்னு மரியாதையாவே கேளு. சண்டை போடாத, கேளு, போதும்.

ஆனா அத உன் பையனக் காப்பாத்திக்க மட்டும் கேக்காத. டிசி கூடாதுன்னு சொல்ற அதே மூச்சுல "அந்தப் பொண்ணு திரும்ப க்ளாஸுக்கு வர என்ன பண்றீங்க, என் பையன் அதுக்கு என்ன பண்ணணும்"னு கேளு. ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே இடத்துல உக்கார வைக்க வேணாம்னும் சொல்லு. அவன வேன்ல சீட் மாத்திக்கச் சொல்லு, அந்தப் பொண்ண மாத்தக் கூடாது. ஸ்டிக்கர் வெச்சிருக்கறவங்க எல்லார்கிட்டயும் அவனே கேட்டு எடுக்க வைக்கட்டும், கன்ஃபெஷன் பேஜ ரிப்போர்ட் அடிக்கட்டும், உக்காந்து செய்யட்டும், வெக்கமா இருக்கும், இருக்கட்டுமே. ஃபோனப் புடுங்கி பீரோல பூட்டாத, பூட்டினா அடுத்த தடவை அவனுக்கே ஏதாவது நடந்தாலும் உன்கிட்ட வர மாட்டான். ராத்திரி சார்ஜ் மட்டும் ஹால்ல போடணும்னு வை, எங்க வீட்டுல அதான் நடக்குது, என் பொண்ணு மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவா, பழகிட்டா.

இந்த நம்பரெல்லாம் ஃபோன்ல போட்டு வை: 1098 பிள்ளைங்களுக்கு, 14417 நம்ம ஸ்கூல் கல்வித்துறை ஹெல்ப்லைன், 14416 மனசு சரியில்லன்னா பேச. சைபர் க்ரைமுக்கு கவர்மென்ட் போர்ட்டல்லயே கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம், 1930 பெரும்பாலும் பணம் போன கேஸுக்குத்தான். அந்தப் பொண்ணு வீட்டுல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறாங்கன்னு யாராவது சொன்னா தடுக்கப் போகாத, அது அவங்க உரிமை.

க்ரூப்ல அந்தப் பொண்ணோட அம்மா நம்பர் இருக்கும், உனக்கு உடனே கூப்பிட்டு அழணும்னு தோணும், எனக்குத் தெரியும் உன்ன. இப்போ வேணாம். உன் அழுகைய அவங்க ஆத்திக்கிட்டு உக்காரணும், அவங்களுக்கே ஆயிரம் இருக்கும். க்ளாஸ் மிஸ் மூலமா "பேசலாமா"ன்னு கேட்டு விடு, சரின்னாங்கன்னா பேசு, "விளையாட்டு"ங்கற வார்த்தைய மட்டும் வாயில எடுக்காத, உங்க வீட்டுக்காரரையும் எடுக்க விடாத. மீட்டிங் புதன்கிழமைன்னா எனக்கு அன்னிக்கு கடைசி பீரியட் ஃப்ரீ, மூணு மணிக்கு மேல கூப்பிடு.

மீனா