மூக்குத்தி எந்தப் பக்கம்?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சாள்,

சுகம்தானே? இங்கும் சுகம். சின்னவன் சைக்கிளால் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டான், வேறு விசேஷம் இல்லை. தீபாவளிக்குப் பிறகு ஒரு வரி போடவில்லை என்று திட்டாதே, நீயும்தான் போடவில்லை.

ஒரு அலுவலாகத்தான் எழுதுகிறேன். வருகிற ஆவணியில் பெரியம்மாவுக்கு எழுபது. சேலை கொடுத்தால் நேரே அலுமாரிக்குள் போகும். அதனால் அம்மம்மாவின் முகத்தை நூலால் தைத்துக் கொடுக்கலாம் என்று தொடங்கிவிட்டேன். சிரிக்காதே. ஊசி ரீச்சர் வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டிய அந்தப் பச்சைத் தலையணை உறை உனக்கு இன்னும் மறக்கவில்லை என்று தெரியும்.

துணி மருதமுனைக் கைத்தறி. நெசவு கொஞ்சம் இளக்கமாக இருந்ததால் அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்து வளையத்தில் இறுக்கினேன். எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும் அல்லவா, தலைமயிருக்கு இரண்டு இழை போதும். முகத்துக்குப் பெரும்பாலும் ஒற்றை இழைதான். நெட்டையும் குட்டையுமாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரித் தைக்க வேண்டும். அதுவும் தசை போகிற பக்கமாகவே ஊசி போக வேண்டும், இல்லாவிட்டால் கன்னம் பாய் பின்னியதுபோல் ஆகிவிடும். கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் விரல் வியர்த்து ஊசி வழுக்குகிறது. கையைக் கழுவித் துடைத்துத் துடைத்தே பாதி நேரம் போகிறது.

படத்துக்கு எங்கே போனேன் என்று கேட்பாய். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடி வீட்டோடு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது அம்மம்மா மடியில் செருகியிருந்த அடையாள அட்டை மட்டும்தான். அதிலிருக்கிற பெருவிரல் அளவுக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டோகொப்பிக் கடையில் பெருப்பித்து எடுத்தேன். எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று படம் சொல்கிறது, நிறத்தைச் சொல்லவில்லை. இங்கே கடையில் மண்ணிறம் என்று கேட்டால் இரண்டு நூல்தான் எடுத்துப் போடுகிறார்கள். இரண்டிலும் ஒவ்வோர் இழை எடுத்து ஒரே ஊசியில் கோத்து மூன்றாவது நிறம் உண்டாக்கி வைத்திருக்கிறேன். கெட்டிக்காரிதானே?

கண் முடிந்துவிட்டது. கருவிழியில் வெள்ளை நூலால் ஒரு குட்டித் தையல் போட்டதும் அம்மம்மா என்னைப் பார்த்தார். வளையத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

அதற்குப் பிறகுதான் இந்த யோசனை பிடித்துக்கொண்டது. அந்தப் படம் 1978 சூறாவளிக்கு முந்தியது. அப்போது அம்மம்மாவுக்கு நாற்பது சொச்சம்தான் இருக்கும். எழுபது வயது மகளுக்குத் தன்னைவிட இளைய தாயைக் கொடுக்கப் போகிறேன்! பெரியம்மா நினைவில் வைத்திருப்பது எந்த முகத்தை? கடைசி வருடங்களில் தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, வாசலில் இருந்து பாக்கு இடித்த முகத்தையா? நரையைச் சேர்த்துத் தை என்கிறார் அம்மா. சிரிப்பையும் சேர் என்கிறார். அடையாள அட்டைக்கு யார் சிரித்தார்கள்? இல்லாத சிரிப்பைப் போட்டால் அது அம்மம்மா இல்லை, வேறு யாரோ. நரையும் வேண்டாம் என்றுதான் நிற்கிறேன். பெரியம்மாவைப் பெற்று வளர்த்த முகம் இதுதானே. ஆனாலும் இரவில் படுத்தால் மனம் மாறுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

இன்னொன்று. அம்மம்மாவின் மூக்குத்தி எந்தப் பக்கம்? படத்தில் மூக்கு மங்கிக் கிடக்கிறது. அம்மா வலது என்கிறார், மாமா இடது என்று அடித்துச் சொல்கிறார். சரியாகத் தெரிந்த ஒரே ஆள் பெரியம்மா, அவரிடம் கேட்க முடியாது. பள்ளி விட்டதும் அம்மம்மாவுக்கு எதிரில் சப்பாணி கட்டி இருந்து மீன் குழம்பும் சோறும் அள்ளி அடித்தவள் நீதான், கண்ணை மூடி யோசித்துப் பார்.

அப்புறம், கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் போனால் மண்ணிறத்தில் நாலைந்து சாயல் நூல் வாங்கி அனுப்பு. சாயம் போகாத நூலாகப் பார். பிரேம் போடும்போது கண்ணாடி நூலில் முட்டாமல் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறேன், இந்த வாவிக்கரை ஈரத்துக்கு நூல் பூஞ்சணம் பிடித்துவிடும்.

பதிலைக் கடிதமாகவே போடு. வாட்ஸ்அப் வேண்டாம். என் போனை என்னைவிடப் பெரியம்மாதான் அதிகம் பார்க்கிறார்.

உன்,
தலையணை உறை