தக்காளிப் பூ கொட்டுனா உடனே பூச்சிமேல பழி போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வீட்டுத்தோட்டப் பக்கத்துல தக்காளிச் செடில பூ கொட்டுதுன்னு கேட்ட வாசகருக்கு தேமோர் கரைசல் அடிக்கச் சொல்லியிருந்தீங்க. ஊர்ல வயக்காட்டுல அது சரிதான், இங்க சிங்கப்பூர்ல வீவக அடுக்குமாடி வீட்டு காரிடர்ல தேங்காப்பாலையும் மோரையும் நாள்கணக்குல புளிக்க வச்சு அடிச்சா முதல்ல கதவத் தட்டுறது பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான்.

அது கெடக்கட்டும், இங்க பூ கொட்டுறதுக்கு முக்கியக் காரணமே ராத்திரி சூடுதான். தக்காளிக்கு ராத்திரில 15லேருந்து 20 டிகிரி வரைக்கும் இருந்தா நல்லா காய் பிடிக்கும், சிங்கப்பூர்ல 24, 25க்குக் கீழ போறதே நல்ல மழை பெஞ்சாதான், அந்தச் சூட்டுல மகரந்தம் கெட்டுப்போயிடுது, மிச்சம் மீதி இருக்குறதும் ஈரக்காத்துல ஒட்டிக்கிட்டு உதிர மாட்டேங்குது. தேக்கா மார்க்கெட்ல கேமரன் மலை தக்காளியப் பாத்துட்டு நம்ம வீட்ல ஏன் இப்படி வரலன்னு கேக்குறவங்க, அங்க ராத்திரி ஸ்வெட்டர் போடுற குளிருங்கறத மறந்துடறாங்க.

அதனால மருந்த மாத்துறதுக்கு முன்னாடி விதைய மாத்தணும். பெரிய தக்காளிய விட்டுட்டு சூடு தாங்குற செர்ரி ரகமா பாத்துப் போடுங்க, காலைல பூக்கொத்த விரலால லேசா சுண்டி விடுங்க, எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷ காம்புல வச்சாலும் சரி (வீட்டுக்காரர் பிரஷ்ஷ எடுக்காதீங்க).

பூச்சியே இல்லன்னு சொல்லல. இலையத் தொட்டதும் வெள்ளையா குப்புனு பறக்குதே அந்த வெள்ளை ஈதான் இலைச்சுருட்டு வைரஸக் கொண்டு வருது. தண்ணில கொஞ்சமா வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து சாயங்காலமா இலைக்கு அடிப்பக்கம் அடிக்கணும், மேல மட்டும் அடிச்சா வேஸ்ட். சுருண்டு மஞ்சளான செடிய வச்சிக்கிட்டு பாவம் பாக்காம பிடுங்கிடுங்க.

இதவிட மோசம் வாடல் நோய். நேத்து வரைக்கும் நல்லா நின்ன செடி பச்சையாவே துவண்டு போகும், தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துவாங்க. தண்டோட அடிய வெட்டி ஒரு கிளாஸ் தெளிஞ்ச தண்ணில தொங்க விட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல வெட்டுன எடத்துலேருந்து வெள்ளையா நூல் நூலா இறங்குச்சுன்னா அது மண்ல இருக்குற பாக்டீரியா, அதுக்கு மருந்து கெடையாது. அந்த மண்ல மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய்னு எதையும் வைக்காதீங்க.

தைவான்ல இருக்குற உலகக் காய்கறி மையம் இதுக்குன்னே கத்தரி வேர்ல தக்காளிய ஒட்டுப் போடுற முறைய ரொம்ப வருஷமா சொல்லிட்டு வருது. கத்தரிதான்னு எந்தக் கத்தரியும் சரிப்படாது, நோய் தாங்குற ரகமா இருக்கணும். அந்த மாதிரி ஒட்டுக்கன்னு இங்க எந்த நர்சரில கெடைக்கும்னு விசாரிச்சு அடுத்த தடவ போட்டீங்கன்னா என்ன மாதிரி காரிடர் தோட்டக்காரங்களுக்கு உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி