வெட்டுப்பட்ட முதல் வரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம். படிக்கலாம் என்று சொன்னதும் முதலில் எடுத்தது நீ அனுப்பிய அந்த நகலைத்தான். 'பார், தன்பாலீர்ப்பாளர்கள் உலகத்தையே பிடிக்கத் திட்டம், அவர்களே எழுதியது' என்று சிவப்பு மையில் அடிக்கோடு வேறு!

அது திட்டம் இல்லைடா, பகடி. 1987 பிப்ரவரியில் பாஸ்டனில், 'கே கம்யூனிட்டி நியூஸ்' என்ற வார இதழில், மைக்கேல் ஸ்விஃப்ட் என்ற புனைபெயரில் வந்தது. குடும்பம் ஒழியும், எங்களைப் பழித்த தேவாலயங்கள் மூடப்படும் என்றெல்லாம் மிரட்டுகிறது, சரி. ஆனால் அதன் முதல் வரியே, இது ஒரு பைத்தியக்காரக் கற்பனை, ஒடுக்கப்பட்டவன் தானே ஒடுக்குகிறவனாகக் கனவு காணும் ஆத்திரம் என்று சொல்லிவிடுகிறது. உன் நகலில் அந்த வரி இல்லை. உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறியபோதே அது காணாமல் போயிருந்தது. எனக்கென்னவோ அந்தப் பெயரே கண்ணைக் காட்டுகிறது: ஏழைகளின் குழந்தைகளைச் சமைத்துத் தின்னலாம் என்று 1729-இல் சிரிக்காமல் யோசனை சொன்ன பகடி எழுத்தாளர் ஜோனதனும் ஒரு ஸ்விஃப்ட்தான்.

தொண்டைமானிடம் ஒளவை தூது போன புறநானூற்றுப் பாட்டு நினைவிருக்கிறதா? உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவை முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பாளே. யார் யாரிடம் சொன்னது என்பதை மறைத்துவிட்டால், அது தொண்டைமானுக்கு நற்சான்றிதழ்! வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணம் எழுதி மார்க் வாங்கியவன் நீ.

அந்தக் கட்டுரை எனக்கும் முழுசாகப் பிடிக்கவில்லை. சில இடங்களில் நகைச்சுவையை ஆத்திரம் விழுங்கிவிடுகிறது. எனக்குப் பிடித்தது வேறு. 1972-இல் மார்ட்டின் ராக்லின் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். கேள்விகள் நம்மைப் போன்றவர்களுக்கு: 'உங்கள் எதிர்பாலீர்ப்புக்கு என்ன காரணம்? எப்போது அப்படி முடிவெடுத்தீர்கள்? போகப்போகச் சரியாகிவிடுமோ?' அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1973 டிசம்பரில்தான். தன்பாலீர்ப்பாளர்களிடம் காலங்காலமாகக் கேட்டதையே ஆளை மாற்றிக் கேட்டார், அவ்வளவுதான்.

முதல் இரண்டுக்கும் சிரித்தேன். மூன்றாவதில் சிரிப்பு வரவில்லை. அக்கா மகன் என்னிடம் மனம்விட்டுச் சொன்ன அன்று, 'வயசுக் கோளாறுடா, சரியாயிடும்' என்று அனுப்பிவைத்தவன் நான். 2018 செப்டம்பரில் தன்பாலுறவு குற்றமில்லை என்று 377-ஆம் பிரிவுத் தீர்ப்பு வந்த அன்று அவனே போன் செய்தான்.

'மாமா, உங்க வயசுக் கோளாறு சரியாயிடுச்சா?'

பொங்கலுக்கு இங்கே வருகிறான். நீயும் வா. வரும்போது அந்த நகலையும் கொண்டு வா. முதல் வரியைத் தன் கையாலேயே எழுதித் தருகிறானாம்.

உன் பழைய அறைத்தோழன்