கலர் படம் சரி, களிமண்ணோட பலத்தை யாரு அளந்தாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல்ல நின்னு எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக் பத்தி உங்க அறிவியல் பக்கத்துல வந்த கட்டுரையைப் படிச்சேன். தமிழ்ல இந்த மாதிரி விஷயம் வர்றதே பெரிய சந்தோஷம், அதனால குறை சொல்றேன்னு எடுத்துக்காதீங்க, ஆனா கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுக் கலர் படமா பாத்துட்டாங்க, அஸ்திவாரம் பத்திரம்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, அங்கதான் மனசு கேக்கல. நான் அந்த மாடல் போடுற வேலையில இருக்கிறவன், முக்கியமான பாதி விட்டுப்போச்சுன்னு தோணுது.

ஜாக்கப் ரிக்குனு ஒண்ணு, பெரும்பாலும் மூணு காலைக் கடல்தரையில ஊனிக்கிட்டு உடம்பைத் தண்ணிக்கு மேல தூக்கி நிக்கும். ஒவ்வொரு காலுக்கு அடியிலயும் ஸ்பட்கேன்னு ஒரு இரும்புப் பாதம், தட்டையான பம்பரம் மாதிரி, பெரிய ரிக்குல குறுக்களவு 15 மீட்டருக்கு மேலயே போகும். கட்டடத்துக்குக் கீழ மண்ணு சில சென்டிமீட்டர் இறங்கினாலே நாம பதறுவோம், ஆனா இங்க இளகின களிமண்ணா இருந்தா அந்தப் பாதம் 30 மீட்டர் கூட உள்ள போகும், வேணும்னே தான் இறக்குறாங்க. ரிக்கோட டேங்க்ல கடல்தண்ணியை ஏத்தி பிரீலோடு குடுத்து, நாளைக்குப் புயல்ல வரப்போற பாரத்தை இன்னைக்கே மண்ணு மேல வச்சுப் பாத்துட்டு, அப்புறம் தண்ணியைத் திறந்து விட்டுடுவாங்க.

ஃபைனைட் எலிமென்ட்னு சொல்ற சாதாரண கம்ப்யூட்டர் கணக்கு இங்கதான் மூச்சு வாங்கும். மண்ணைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சு மெஷ் போடுறோம், பாதம் கொஞ்சம் இறங்குறதுக்குள்ளேயே கட்டமெல்லாம் நசுங்கி முறுக்கிக்கிட்டு கணக்கு அப்படியே நின்னுடும். இதுக்கு ஆஸ்திரேலியாவுல ஹூ, ராண்டால்ஃப்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1998-ல ஒரு வழி சொன்னாங்க, கொஞ்சம் கொஞ்சமா இறக்கு, ஒவ்வொரு தடவையும் புது மெஷ் போடு, பழைய மெஷ்ல இருந்த அழுத்தத்தையெல்லாம் புதுசுக்கு மாத்துன்னு. இப்ப நிறைய பேர் மெஷ்ஷை அசையாம வச்சிட்டு களிமண்ணை அதுக்குள்ள ஓட விடுற முறையைப் பயன்படுத்துறாங்க. ரெண்டுமே நல்ல முறைதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும். பாதம் இறங்கும்போது அதுக்கு மேல ஒரு குழி உண்டாகும், அந்தக் குழியோட சுவரு இடிஞ்சுதான் மண்ணு உள்ள விழும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தாங்க. 2005 வாக்குல பாதி ஸ்பட்கேனைக் கண்ணாடிச் சுவரோட ஒட்டி வச்சு சென்ட்ரிஃப்யூஜ்னு வேகமா சுழல்ற மெஷின்ல சுத்திப் பாத்தாங்க, 100 மடங்கு புவியீர்ப்பு குடுத்தா 15 சென்டிமீட்டர் மாடல் 15 மீட்டர் பாதம் மாதிரி நடந்துக்கும். பாத்தா சுவரு இடியறதுக்கு முன்னாடியே பாதத்துக்குக் கீழ இருக்கிற களி ஓரமா வழுக்கி மேல ஏறிப் பாதத்தையே மூடிடுது! கம்ப்யூட்டர் மாடலும் அதையே காட்டுச்சு. இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா கண்ணால பாத்ததும் கணக்கும் ஒண்ணாச் சேந்துச்சு.

ஆனா அந்த லேப்ல களிமண்ணோட பலம் என்னன்னு துல்லியமா தெரியும். நிஜக் கடல்ல? மேல்மட்டத்துல சில கிலோபாஸ்கல் (பலத்தை அளக்குற அலகு), அப்புறம் ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒண்ணு ஒண்ணரைன்னு ஏறும், இவ்வளவு லேசான மண்ணை ஆழத்துலேர்ந்து மேல கொண்டு வர்றதுக்குள்ள அழுத்தம் விட்டுப்போய் சாம்பிள் கலைஞ்சிடும், அதை டெஸ்ட் பண்ணி வர்ற நம்பரை நம்பி மாடல் போட்டா என்னத்துக்கு ஆகும். அதனாலதான் டி-பார்னு ஒண்ணு இருக்கு, 4 சென்டிமீட்டர் தடிமன், 25 சென்டிமீட்டர் நீளத்துல குறுக்கால ஒரு உருளை, செகண்டுக்கு 2 சென்டிமீட்டர் வேகத்துல நேரா கடல்தரையிலேயே குத்துவாங்க. ஒரே இடத்துல மேலயும் கீழயும் பலமுறை ஓட்டினா கலங்கின களிக்கு எவ்வளவு பலம் மிஞ்சும்னும் தெரிஞ்சிடும். அது ரொம்ப முக்கியம், பாதம் இறங்கும்போது மண்ணு கலங்கி பலம் குறையும், அதே சமயம் வேகமா அசைஞ்சா பலம் கூடும், இந்த ரெண்டையும் மாடல்ல சேக்கலன்னா வர்ற விடைக்கு அர்த்தமே இல்ல.

மேல கெட்டியான லேயர், கீழ இளகின லேயர்னு இருந்தா ஆபத்து இன்னும் பெருசு. பாதம் கெட்டி லேயர்ல நின்னுட்டே இருக்கும், பாரம் கொஞ்சம் கூடினதும் பொத்துக்கிட்டு சில நொடியில பல மீட்டர் கீழ போயிடும், மத்த ரெண்டு காலும் அசையாம நிக்க இது மட்டும் இறங்கினா ரிக் சாயும், கால் வளையும், ஆளுங்க உயிருக்கே ஆபத்து. மண்ணைச் சோதிக்கத் துளைக்கிற போர்ஹோலைத் தப்பான இடத்துல போட்டு அந்த லேயரைத் தவற விட்டா எந்த சாஃப்ட்வேராலயும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மாடலை அப்படியே நம்பினா என்ன ஆகும்னு 1991 ஆகஸ்ட் 23-ல நார்வேயில பாத்தாச்சு. ஸ்லைப்னர் ஏங்கிற எரிவாயு மேடையோட கான்கிரீட் அடித்தளம் கடல்ல முங்கிப்போச்சு. அங்க பிரச்சினை களிமண்ணு இல்லதான், ஆனா கம்ப்யூட்டர் கணக்குல சுவரு சேர்ற இடத்துல மெஷ் சரியா போடாததால, சுவரை வெட்டிப் பிளக்கப் பாக்குற வெட்டு அழுத்தத்தை 47 சதவீதம் குறைச்சுக் கணக்குப் போட்டிருந்தாங்க. நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல, நஷ்டம் மட்டும் சுமார் 70 கோடி டாலர்.

அதனால உங்க நிருபர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கம்ப்யூட்டர் ஆய்வு முடிஞ்சதுன்னு யாராவது சொன்னா, களிமண்ணோட பலத்தை எங்க எப்படி அளந்தீங்க, குறைஞ்சபட்சம் அதிகபட்சம்னு ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்தீங்களான்னு கேளுங்க. அதைவிட முக்கியமா, பிரீலோடு குடுக்கும்போது ஒவ்வொரு காலும் எந்தப் பாரத்துல எவ்வளவு ஆழம் போச்சுன்னு ரிக்குலயே எழுதி வைப்பாங்க, மாடல் சொன்னதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெளியிடச் சொல்லிக் கேளுங்க. பெரும்பாலும் அது கம்பெனி ஃபைல்லயே தூங்குது, வெளிய வந்தா படிக்கிற பசங்களுக்கும் எங்களுக்கும் அடுத்த ரிக்குக்கும் அவ்வளவு உதவும்.

இப்படிக்கு,
கடல்சார் மண் பொறியியல் வேலையில இருக்கும் உங்க வாசகன்