ஜப்பான் புறப்படும் கோமதிக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும், உன் மாமியார் மதினியும், பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசா வந்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியை அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வங்கியில் அந்நியச் செலாவணி மேசையில் காலத்தைக் கழித்த எனக்கோ, மகிழ்ச்சியோடு கூடவே ஒரு பட்டியலும் மனத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. கார்த்திகை பிறந்ததும் நீங்கள் பெங்களூரில் விமானம் ஏறுவதற்குள், இங்கிருந்தபடியே முடித்தாக வேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன. டோக்கியோவில் இறங்கிய பிறகு அவற்றைச் செய்ய நினைத்தால் காசும் போகும், நேரமும் போகும், சில காரியங்கள் நடக்கவே நடக்காது. எந்தக் கோயிலை, எந்த மலையைப் பார்ப்பது என்பதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். நான் எழுதுவது மற்றவற்றைப் பற்றி.

முதலில் மதினியின் பெயர். அவர்களுடைய பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கிறது என்று நீ முன்பு சொன்னது நினைவிருக்கிறது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்த அந்தத் தலைமுறைக்குக் குடும்பப் பெயர் எங்கிருந்து வரும்? ஆனால் விமான டிக்கெட் பதிவு செய்யும் இணையதளங்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட ஒப்புக்கொள்வதில்லை. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு கட்டங்களிலும் எழுதச் சொல்லும். இன்னொன்று வேறு ஏதாவது குறியீடு போடச் சொல்லும். ஆகையால் மாப்பிள்ளை அவசரத்தில் தம் அப்பாவின் பெயரை அங்கே நிரப்பிவிடாமல், விமான நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, மகனைப் பார்க்க துபாய்க்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த நம் பக்கத்துப் பெரியவர்கள் எப்படி அலைந்தார்கள் என்பதை நீயும் அறிவாய்.

விசாவைப் பற்றி ஒன்று. 2024 ஏப்ரல் முதல் ஜப்பான் நமக்கு மின்னணு விசா தருகிறது. உங்களுக்கு வந்திருப்பதும் அதுதான். அதைப் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தர மாட்டார்கள். விமான நிலையத்தில் கேட்கும்போது, இணையத் தொடர்போடு இருக்கும் கைபேசியில் அவர்களுடைய தளத்தைத் திறந்து, விசா வழங்கிய அறிவிப்பை அங்கேயே காட்ட வேண்டும். அச்சிட்ட தாளையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் ஏற்க மாட்டார்கள். மதினியின் விசாவையும் பேரனின் விசாவையும் உன் கைபேசியிலும் மாப்பிள்ளையின் கைபேசியிலும் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சார்ஜ் தீர்ந்தாலும் மற்றொன்று இருக்கும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது.

இனி பணம். ‘கார்டு இருக்கிறது, அது போதும்’ என்று மாப்பிள்ளை சொல்வதாக எழுதியிருந்தாய். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும் நிலையில்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். கடையில் தேய்ப்பது, ஏடிஎம்மில் எடுப்பது, இணையத்தில் செலுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதியும் உச்சவரம்பும் இருக்கும், மூன்றையும் பாருங்கள். அதைவிட முக்கியம் ஓடிபி. நான் பணியில் இருந்தபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகனைப் பார்க்க வெளிநாடு போனார். அங்கே மலிவாக ஒரு சிம் கிடைத்துவிடும் என்று நம்ம ஊர் சிம்மைப் பழைய கைபேசியிலேயே விட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். மறு வாரம் நான் மேசையில் உட்காருவதற்கு முன்பே அவருடைய மைத்துனர் வந்து நின்றார்: கார்டு ஓடவில்லையாம், ஓடிபி வரவில்லையாம். வந்துகொண்டுதான் இருந்தது, பூட்டிய அலமாரிக்குள். ஆகவே வங்கியில் பதிவான எண் எந்தக் கைபேசியில் இருக்கிறதோ அதற்கு இங்கேயே சர்வதேச ரோமிங் வசதியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சிம்மைக் கழற்றாமல் கொண்டுபோங்கள். இணையத்துக்கு இ-சிம் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

அங்கே கார்டைத் தேய்க்கும்போது சில இடங்களில் தொகையை ரூபாயில் எடுக்கவா, யென்னில் எடுக்கவா என்று எந்திரம் கேட்கும். நம் பணத்தில் கணக்குத் தெரியட்டுமே என்று ரூபாயை அழுத்தத் தோன்றும்; அழுத்தாதீர்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த எந்திரத்தை நடத்தும் நிறுவனம் தன் விருப்பப்படி போட்டுக்கொள்ளும். எப்போதும் யென்.

ரொக்கமும் வேண்டும். ஜப்பானில் சிறிய உணவகங்களிலும் கோயில் நுழைவுச் சீட்டுக்கும் கிராமப்புறப் பேருந்துகளிலும் இன்னும் ரொக்கம்தான் செல்லும் என்ற இடங்கள் பல உண்டு. இங்கே அனுமதி பெற்ற செலாவணி நிறுவனத்தில் கொஞ்சம் யென் வாங்கிக்கொண்டு, மீதியைச் செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்மிலோ அஞ்சலக ஏடிஎம்மிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அவை வெளிநாட்டுக் கார்டுகளை ஏற்கும். ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்குள்தான் நோட்டாக வாங்க முடியும். அதுவும் 50,000 ரூபாயைத் தாண்டினால் ரூபாயை ரொக்கமாகக் கட்டக் கூடாது, கணக்கிலிருந்தே செலுத்த வேண்டும். வாங்கிய ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம். நம் ரூபாயாக ஒருவர் 25,000 வரைதான் எடுத்துச் செல்லலாம். திரும்பிய பின் மிச்சமிருக்கும் யென்னில் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். நாணயங்களை இங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள். அங்கே 500 யென் வரை நாணயமாகவே இருப்பதால் பர்ஸ் கனத்துவிடும், அவ்வப்போது செலவழித்துவிடுங்கள். 5 யென்னும் 50 யென்னும் உன் தாத்தா வைத்திருந்த ஓட்டைக் காலணாவைப் போல நடுவில் துளையோடு இருக்கும். பேரனுக்கு ஒன்றிரண்டு எடுத்து வை.

எனக்கு உண்மையில் கவலை மதினியின் மருந்தைப் பற்றித்தான். ஜப்பான் அரசு மருந்து விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது. ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாத அளவுக்கு முன் அனுமதியின்றிக் கொண்டுபோகலாம். தாமே போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசிக்கும் அதே ஒரு மாதக் கணக்குதான். அதற்கு மேல் கொண்டுபோவதானால் புறப்படும் முன்பே விண்ணப்பித்து அனுமதிச் சான்று வாங்க வேண்டும். நீங்கள் போவது இரண்டு வாரத்துக்கு என்பதால் அளவில் சிக்கல் இல்லை. சிக்கல் வருவது மதினி தலையணைக்கடியில் வைத்திருக்கும் இருமல் மருந்திலும் சளி மாத்திரையிலும்தான். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மாத்திரைகளைக் கொண்டுபோகவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இங்கே மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருகிறார்களே என்று எண்ணி எதையும் பையில் போட வேண்டாம். ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் என்ன கலந்திருக்கிறது என்று நீயே படித்துப் பார்.

இன்சுலினைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிடக் கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் குளிர் மிகுந்து அது உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. கைப்பையில், குளிர் காக்கும் சிறு பையில் வையுங்கள். ஊசி இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் காட்ட டாக்டரின் ஆங்கிலக் கடிதம் வேண்டும். அதில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்க வேண்டும், ஏனென்றால் நம்மூர் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. நம் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி அங்குள்ள மருந்துக் கடையில் வாங்கவும் முடியாது. அங்கே ஒரு டாக்டரைப் பார்த்தாக வேண்டும். எனவே தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் போகிறது. பயண நாளில் ஊசியை எப்போது போடுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாகக் கணக்குப் போட வேண்டாம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது மதினிக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். எழுதினால் பிரீமியம் கூடும் என்பதற்காக விட்டுவிட்டால், ஆஸ்பத்திரியில் படுக்கும் நாளில் அதுவே காரணமாகிப் பணம் நின்றுபோகும். இருக்கும் நோய்க்கு எந்த அளவுக்குக் காப்பு என்ற பகுதியையும் படி. பல திட்டங்களில் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும்தான் தருவார்கள். ஜப்பானில் ஆஸ்பத்திரிப் பாக்கி வைத்துவிட்டு வந்தவர்களுக்கு அடுத்த முறை நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்படலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எதையாவது சமாளித்துக்கொள்வீர்கள். மதினி சுத்த சைவம். அங்கே காய்கறிக் குழம்பு, சோயா விழுதில் செய்த சூப்பு என்று கொண்டுவந்து வைப்பதில்கூட ‘தாஷி’ என்னும் சாறு கலந்திருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுப்பது. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் சாற்றை அவர்கள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எனவே மீன், மீன் சாறு, முட்டை, இறைச்சி எதுவும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டை எழுதி மதினி கையில் கொடுத்துவிடு. பௌத்த மடங்களில் சமைக்கும் ‘ஷோஜின்’ உணவில் மீனும் இறைச்சியும் வெங்காயமும் பூண்டும் கிடையாது. மதினிக்குப் பயமின்றிச் சாப்பிட அதுவே நல்லது, விலைதான் சற்றுக் கூடுதல். டோக்கியோவில் நிஷி-கசாய் என்ற பகுதியில் நம் நாட்டவர் நிறையக் குடியிருக்கிறார்கள்; அங்கே தோசைக்கும் மளிகைக்கும் வழி உண்டு.

பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் புளிக்காய்ச்சலும் நான் செய்து, நாகர்கோவில்–பெங்களூர் எக்ஸ்பிரஸில் வரும் உன் அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன். புளிக்காய்ச்சலும் அல்வாவும் பெட்டிக்குள்தான் போக வேண்டும்; கைப்பையில் 100 மில்லிக்கு மேல் குழைவான பண்டம் எதையும் விட மாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் வேண்டாம், அது தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானச் சரக்கு விதிகளில் இருக்கிறது. மதினி புளியங்குடியிலிருந்து வரும்போது ஒரு மடி எலுமிச்சம் பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் கட்டாயம் கொண்டுவருவார்கள். பெங்களூர் வீட்டோடு அது நிற்கட்டும். பச்சைப் பழமும் இலையும் உரிய சான்றில்லாமல் ஜப்பானுக்குள் போகக் கூடாது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையிலும் தங்கும். எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் மதினிக்கு இதைச் சொன்னால், நான் சொல்வதைவிட அவர்களுக்கே நன்றாகப் புரியும்.

அந்தச் சின்ன ரைஸ் குக்கரையும் எடுத்துப் போக வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அங்கே ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடத் தராது, அரிசி ஊறிக்கொண்டே இருக்கும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்தால் அங்கேயே குக்கர் இருக்கும். கைபேசிச் சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் போதும். தட்டையான இரண்டு முள் உள்ள பிளக் மாற்றி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயிலுக்கு ஏழு நாள் பாஸ் எடுப்பதாக மாப்பிள்ளை சொன்னாராம். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் ஒரு வழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். போய்வர மட்டும் என்றால் பாஸ் நஷ்டம்தான். இன்னும் இரண்டு ஊர் சேர்த்தால் மறுபடி கணக்குப் பார்க்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அந்தப் புல்லட் ரயிலில் முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டும்; கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய பெட்டியை அளந்து பார்.

பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு வெளியே போகக் கூடாது. எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தொலைந்தால் பக்கத்துப் போலீஸ் சாவடியில் எழுதிக்கொடுத்துச் சான்று வாங்கிக்கொண்டு, டோக்கியோவில் உள்ள நம் தூதரகத்துக்கோ ஒசாகாவில் உள்ள துணைத் தூதரகத்துக்கோ போக வேண்டும். போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நம் 112-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு தேடாமல் மதினியின் கைபேசியிலும் இவற்றைப் பதிந்து வை. நிலநடுக்கம் வந்தால் ஓடக் கூடாது, மேசைக்கடியில் போக வேண்டும் என்று பேரனுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடு. கார்த்திகையில் அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும், குளிரும் உண்டு. மதினிக்குக் கம்பளிக் காலுறை நாலைந்து வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் இடங்கள் அதிகம். நீங்கள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தால் இங்கே மாலை ஐந்தரை. அப்பா காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

வியாழக்கிழமை நான் ஹைகிரவுண்டில் மதினி பார்க்கும் டாக்டரிடம் போய் அந்த ஆங்கிலக் கடிதத்தை வாங்கி வருகிறேன். அதற்குள் அவர்களுடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும், இன்சுலின் பேனாவின் பெயர் தெரியும்படி அதன் பெட்டியையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு. கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா