கம்பளிச் சட்டையும் கடற்காற்றும்: தோழிக்கு ஒரு கடிதம்

நுவரெலியா

அன்புள்ள புவனா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதியிருந்தாய், இங்கும் நலமே. தை பிறந்தும் குளிர் விடவில்லை. விடியற்காலையில் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்க, மரக்கறித் தோட்டக்காரர்கள் உருளைக்கிழங்குப் பாத்திகளை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. ஆனாலும் உன் படங்கள் வந்திருக்கின்றன என்றதும் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். பாடசாலைக் காலத்தில் நாம் இருவரும் ஒரே சோடி ஊசியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பின்னப் பழகியதை அவர்தான் நினைவுபடுத்தினார்.

கையால் பின்னிய சட்டைகளை எடுத்துக்கொண்டு ஸ்கொட்லாந்தின் அபடீனுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கடற்பாறைகளுக்குப் போய், அங்கேயே அவற்றைப் படம் பிடிப்பதாக நீ எழுதியதிலிருந்து என் எண்ணமெல்லாம் அதிலேயே இருக்கிறது. படங்களைப் பற்றி மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதும்படி கேட்டிருக்கிறாய், எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, பீற்றர்ஹெட் பக்கத்து இளஞ்சிவப்புக் கருங்கற் பாறையில் உன் மகள் சாய்ந்து நிற்கும் படம். போட்டிருப்பது கேன்சி என்ற, மீனவர்கள் போடும் கருநீலக் கம்பளிச் சட்டை. மாலைச் சூரியன் இடப்பக்கத்தில் தாழ்ந்து நிற்பதால், மார்புப் பகுதியில் நூல் வளையங்களான கண்ணிகள் நேர்க் கண்ணியும் மறு கண்ணியுமாக மாறி மாறி வரும் சிறு சதுரங்கள் ஒவ்வொன்றும் தன் நிழலைத் தன் பக்கத்திலேயே போட்டிருக்கின்றன. தோளருகே ஒரு சதுரத்தில் எத்தனை கண்ணிகள் என்று அம்மா விரல் வைத்து எண்ணினார். கைப்பின்னலைப் படம் எடுப்பதில் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்பது என் எண்ணம். பின்னத் தெரிந்த ஒருத்தி, படத்தைப் பார்த்த கையோடு தன் ஊசியை எடுக்க வேண்டும். அதே சட்டையை நண்பகலில், வெயில் நேரே முன்னால் விழும்படி எடுத்த மற்றப் படத்தில் அந்தச் சதுரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. கடையில் வாங்கிய சாதாரண நீலச் சட்டை என்றே யாரும் நினைப்பார்கள். கருநீலமும் கறுப்பும் அடர்பச்சையும் வெளிச்சத்தை விழுங்கும் நிறங்கள். அவற்றில் பின்னலின் மேடுபள்ளத்தைக் காட்டித் தருவது பக்கவெளிச்சம் ஒன்றுதான்.

ஃபேர் ஐல் என்ற உன் பல நிறக் கோலச் சட்டைக்கோ இதற்கு நேர்மாறான வெளிச்சம் வேண்டும். அதில் கோலம் நிறத்தில் இருக்கிறதே தவிர மேடுபள்ளத்தில் இல்லை. ஒரு வரிசைக்கு இரண்டே நிறங்களை வைத்துக்கொண்டு, சில வரிசைகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றிக்கொண்டே போகும் அந்த வேலையைச் சாய்ந்த வெயிலில் எடுத்தால், நிழல்களும் நிறங்களும் கலந்து கண்ணைக் குழப்பும். வானம் மூடியிருக்கும் நாளோ, உங்கள் கிழக்குக் கரையில் வெயில் காலத்திலும் கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனி நாளோதான் அதற்கு ஏற்றது. அப்படிப்பட்ட நாளில் கமரா எல்லாவற்றிலும் நீலம் பூசிவிடும் என்பதால், முதலில் ஒரு சாம்பல் நிற அட்டையைச் சட்டையின் பக்கத்தில் பிடித்து எடுத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்துகொள். செங்கல் நிறம் என்று நீ எழுதியிருக்கும் நூல் படத்தில் ஊதாவாகத் தெரிகிறது. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க நீ எவ்வளவு அலைந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கமராவிடம் பறிகொடுக்காதே.

இன்னொன்று. கருநீலச் சட்டை படம் முழுவதையும் அடைத்து நிற்கும்போது, கமரா அதை இருட்டு என்று எண்ணிக் கூடுதல் வெளிச்சம் விட்டு நிறத்தை வெளிற வைத்துவிடும். நீயாகவே வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வை. உன் வெள்ளைச் சால்வைக்கு அதே காரணத்தால் கூட்டி வைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களில், ஆளைத் தெளிவாக்கிப் பின்னணியை மங்கலாக்கும் அந்த வசதியைத் தயவுசெய்து நிறுத்திவிடு. கம்பளியின் ஓரத்தில் காற்றில் நிற்கும் மெல்லிய மயிரிழைகளை அது பின்னணி என்று நினைத்து வெட்டிவிடுகிறது. சட்டை கத்தரித்து ஒட்டிய காகிதம் போலாகிவிடுகிறது.

காற்றைப் பற்றி நீ குறைப்பட்டு எழுதியிருந்தாய். என் கண்ணுக்கு அந்தக் காற்றுத்தான் படங்களின் உயிர். கடற்காற்றில் சால்வையின் முனை எழும்பும்போதுதான் அதன் துளைப் பின்னல் வழியாக வெளிச்சம் ஊடுருவி, ஒவ்வொரு இலை வடிவமும் தனித்துத் தெரிகிறது. கமராவின் ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் 500இல் ஒரு பங்குக்கு மெதுவாகாமல் வைத்தால் முனை கலங்காமல் விழும். லென்ஸில் படியும் உப்புத் தெறிப்பைத் துடைக்க மெல்லிய துணி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். சிப்பி ஒட்டிய பாறையில் உட்கார்ந்து எடுக்காதே. ஓர் இழை மாட்டி இழுத்தால் ஒரு வரிசையே சுருங்கிப் போகும். பாறை விளிம்பில் நிற்கிறவரின் கண் கமராவில் இருக்கும், காலில் இராது. அங்கே படம் எடுப்பவளும் நிற்பவளும் தவிர மூன்றாவதாக ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதை உன் மகளுக்கும் சொல்லி வை.

கேன்சியின் கதையை நீ விரிவாக எழுதியதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும். 5 இழை முறுக்கிய நூலை மெல்லிய ஊசிகளில் இறுக்கமாக, தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னுவதும், முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருப்பதால் தேய்ந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ள முடிவதும், கைகளைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவதால் கிழிந்த மணிக்கட்டுப் பகுதியை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னிக்கொள்ள முடிவதும் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்களின் கணக்கான மூளையைக் காட்டுகின்றன. ஹெரிங் மீன்கூட்டத்தைத் தொடர்ந்து ஷெட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள கிரேட் யாமத் வரை துறைமுகம் துறைமுகமாகப் போய், கத்தியும் உப்பும் படாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மீன் கழுவிய பெண்கள், வேலை ஓய்ந்த நேரத்தில் நடந்துகொண்டே பின்னினார்கள் என்று படித்தபோது, கொழுந்து பறித்துக் கறையேறிய நம் பாட்டிமாரின் விரல்கள் நினைவுக்கு வந்தன. அந்தச் சட்டையின் மணிக்கட்டைத்தான் நீ இன்னும் படம் எடுக்கவில்லை. உன் பக்கத்து வீட்டு முதியவரிடம் அவருடைய அப்பாவின் கேன்சி இருப்பதாக எழுதினாயே, அதில் பிரித்துப் பின்னிய இடத்தில் புது நீலமும் வெளுத்த பழைய நீலமும் ஒரு கோட்டில் சந்திக்கும். அந்தக் கோட்டை நெருங்கி நின்று எடு.

டனொட்டர் கோட்டையைப் பின்னால் வைத்து எடுத்த படங்களில் எனக்கு உடன்பாடில்லை. கோட்டையும் செங்குத்துப் பாறையும் அலையும் அழகுதான். ஆனால் அவற்றின் நடுவே சட்டை ஒரு விரல்நுனி அளவுக்குச் சிறுத்துவிட்டது. இடம் சட்டைக்குத் துணையாக நிற்க வேண்டும். ஆளை முக்கால் உயரத்துக்கு நெருங்கி எடுத்து, பாறையில் ஒரு துண்டும் கடலில் ஒரு பட்டையும் தெரிய விட்டாலே போதும், அந்தக் கரை முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். சட்டையை எடுக்கும்போது அகலக்கோண லென்ஸைப் பையிலேயே வைத்துவிடு. அது கிட்ட நின்று எடுத்தால் தோளை உப்ப வைத்து, நீ அளந்து அளந்து குறைத்த கண்ணிகளின் ஒழுங்கைக் கோணலாக்கிவிடும்.

கம்பளிச் சட்டையை அது எந்தக் குளிருக்காகப் பின்னப்பட்டதோ அந்தக் குளிரில்தான் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் உன் படங்களால் எனக்கு உறுதியாகிவிட்டது. கரடுமுரடான கரை நம் நாட்டிலும் இருக்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோயிலடியில் கடல் பாறையில் மோதும் அழகுக்கு என்ன குறை? அங்கே கம்பளி போட்டு ஒருத்தியை நிறுத்தினால், பார்க்கிறவருக்கு அவளைப் பார்த்து வியர்க்கும். அதனால் நான் கடலைத் தேடிப் போகவில்லை. என்னிடம் பின்னல் பழகும் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரம், மரமில்லாத புல்வெளி, முகத்தில் அறையும் காற்று. அங்கே உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பில் நின்றால் காலடியிலிருந்து நிலம் ஏறக்குறைய 870 மீற்றர் கீழே இறங்கிப் போகிறது. வானம் மிகத் தெளிந்த காலையில் தெற்கே கடல் ஒரு கோடாகத் தெரியும் என்பார்கள். பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிடும் என்பதால், எல்லோரும் விடியுமுன்னே புறப்பட்டு அது ஏறுவதற்கு முன் அங்கே இருக்கப் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்த மூடுபனிதான் தேவைப்பட்டது.

அதற்குக் காரணம் நூல். அசல் ஆட்டுக் கம்பளி நூல் இங்கே அரிது. பிள்ளைகள் பின்னுவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூலில். வெயிலில் அது பளபளத்து மலிவாகத் தெரியும்; மூடுபனியில் அந்தப் பளபளப்பு அடங்கிப் பின்னல் மட்டும் முன்னுக்கு வருகிறது. ஒரு பிள்ளை போட்டிருந்தது, நீ முன்பு அனுப்பிய ஷெட்லாந்து நூலில் பின்னிய சாம்பல் நிறச் சட்டை. மூடுபனியில் சிறிது நேரம் நின்றதும் அதன் மயிரிழைகளின் நுனியில் கடுகைவிடச் சிறிய நீர்த்துளிகள் வரிசையாகக் கோத்து நின்றன. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் சட்டை காய்ந்தே இருந்தது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் ஈரமாகத் தோன்றாது என்று பிள்ளைகளுக்கு நான் வாயால் சொன்னதை அந்தச் சட்டை அவர்கள் கண்முன்னே காட்டியது. பக்கத்தில் அக்ரிலிக் சட்டை போட்டிருந்தவளின் தோள் நனைந்து ஒட்டிக்கொண்டது. இரண்டையும் அருகருகே எடுத்த படத்தை இதனுடன் அனுப்புகிறேன்.

திரும்பும் வழியில், தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் நடுவே நின்று படம் எடுத்தால் கொழும்பில் நன்றாக விலைபோகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். வேலையில் இருக்கும் பெண்களை, அவர்கள் போட்டுக்கொள்ளாத சட்டைக்குப் பின்னணியாக நிறுத்துவது முறையல்ல. மழையில் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மலையேறியவர்கள் நம் பாட்டிமார். அந்தக் கம்பளிக்கும் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று அம்மா சொல்வார். இன்று இடுப்பில் படங்கு கட்டி நிற்கிற பெண் படத்தில் வருவதானால், சட்டை அவளுடையதாக இருக்க வேண்டும், அவள் அளவுக்குப் பின்னியதாக இருக்க வேண்டும், எடுத்த படம் முதலில் அவள் கைக்குப் போக வேண்டும். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அக்கா அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். காலையில் மலைக்கு ஏறும்போது கை மட்டும் விடுபட்டிருக்கும்படி, கழுத்து உயர்ந்த, கையில்லாத சட்டையாகக் கேட்கிறார். கையை உயர்த்த இடைஞ்சலில்லாமல் அக்குளில் எவ்வளவு விட வேண்டும் என்பதில்தான் நான் நிற்கிறேன்.

ஆகவே எனக்கு ஓர் உதவி செய். உன் கேன்சியின் அக்குளில் வைத்துப் பின்னியிருக்கும் சாய்சதுரத் துண்டைக் கண்ணிகள் எண்ணத் தெரியும்படி நெருங்கி எடுத்து அனுப்பு. வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கத்தைத் திருப்பி ஒன்று, கையை உயர்த்தி நிற்கும்போது ஒன்று. சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம் நுவரெலியாவுக்கு ஏறுமுன், மாசி பங்குனியின் தெளிந்த காலைகளில் அந்தச் சட்டையை முடித்துப் படம் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம். பின்னேரம் 4 மணியளவிலேயே உங்களுக்குச் சூரியன் மறைந்துவிடும் காலம் இது என்று தெரியும். ஜன்னலோரத்து வெளிச்சத்தில் எடுத்தாலும் போதும்.

அம்மா உன் பிள்ளைகளைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

அன்புடன்,
சாந்தி